நாளைக்கு என்று சொன்ன நாட்கள்

உம்மாவுக்குச் சீனி வருத்தம். சென்ற வருடம் கிளினிக்கில் டொக்டர் மருந்தோடு நடையையும் சேர்த்தே சொல்லிவிட்டார்: நாளுக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள். தனியே போக உம்மாவுக்குக் கூச்சம். சுபஹ் தொழுததும் நானும் கூட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று நாள் வாவிக்கரையோரம் நடந்தோம். நான்காம் நாள் மழை. அதன் பின் தவணைப் பரீட்சை, பிறகு நோன்பு, பிறகு பெருநாள். ஒவ்வோர் இரவும் நாளைக்கு என்றேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்கில் அவருக்கு மாத்திரையைக் கூட்டினார்கள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த நாட்களில்தான் தமிழ் மொழித்தினப் பேச்சுப் போட்டிக்காகச் சுவாமி விபுலானந்தரின் வாழ்க்கையை வாசித்தேன்.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே உள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர் அவர். இயற்பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, கொழும்பில் விஞ்ஞானம் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதல்வர் அவரே. லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924இல் சென்னையில் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். ஊர் திரும்பி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்தவைதான். என்னை நிறுத்தியது அவருடைய யாழ் நூல்.

பழந்தமிழர் வாசித்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சிலப்பதிகாரம் போன்ற நூல்களில் குறிப்புகள் மட்டுமே எஞ்சியிருந்தன. எத்தனை நரம்பு, எந்த நரம்பில் எந்தச் சுரம் என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்து மீட்க வேண்டும். கணிதமும் பௌதிகமும் அறிந்த அவர், சுரங்களின் அளவைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு ஆராய்ந்தார். அதற்கு 14 ஆண்டுகள் சென்றன.

அந்த 14 ஆண்டுகளும் அவருக்கு ஓய்வாகக் கிடைத்தவை அல்ல. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பின்னர் இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரத என்னும் ஆங்கில சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பாடசாலைகளின் பொறுப்பும் இருந்தது. கடைசி ஆண்டுகளில் உடலும் நலிந்தது. ஊர் மாறியது, வேலை மாறியது. ஆராய்ச்சியை மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார். இன்னும் வசதியான காலம் வரட்டும் என்று அவர் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டிருந்தாலும், அந்த நூலை அவர் கையால் முடித்திருக்க முடியாது.

அதை வாசித்தபோது என் பரீட்சையும் மழையும் எனக்கே வெட்கமாக இருந்தன. சும்மா இருக்கும் நாள் வரட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். அப்படி ஒரு நாள் யாருக்கும் வருவதில்லை.

மறுநாள் சுபஹுக்குப் பின் உம்மாவைக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலம் என்று தொடங்கவில்லை. பத்து நிமிடம் மட்டும். மழை நாளில் முன்மண்டபத்துக்குள்ளேயே நடப்பது என்று பேசிக்கொண்டோம். ஒரு நாள் தவறினால் அதற்காக அழாமல் அடுத்த நாளே போவது என்பதும் எங்கள் ஒப்பந்தம். நடந்த நாட்களைக் கலண்டரில் உம்மா பென்சிலால் புள்ளியிடுகிறார். இரண்டு மாதத்தில் பத்து நிமிடம் அரை மணித்தியாலமானது. வழியில் பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்துகொண்டார்.

பேச்சுப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. உம்மாவின் மாத்திரை இன்னும் குறையவில்லை. ஆனால் அதன்பின் கூடவும் இல்லை. கல்லடிப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போதெல்லாம், உப்போடையில் அடக்கமாகியிருக்கும் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

இன்று காலையும் போய்வந்தோம்.