முதுகுக்குப் பின்னால் பார்த்தவர் – ரே ஹாரூன்



பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குற பையனை டிரைவர் திரும்பிப் பார்க்காமலே திட்டுவார், கவனிச்சிருக்கீங்களா? அவருக்கு எப்படித் தெரிஞ்சது? எல்லாம் முன்னால் இருக்கிற கண்ணாடிதான். அந்தக் கண்ணாடியைப் பந்தயக் காரில் மாட்டி ஜெயித்த ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ரே ஹாரூன் 1879-ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அவர் வெறும் டிரைவர் மட்டும் இல்லை. இண்டியானாபொலிஸ் நகரத்தில் மார்மன் என்ற கார் கம்பெனியில் இன்ஜினியராகவும் இருந்தார்.

அந்தக் காலத்துப் பந்தயம் எப்படி இருந்தது தெரியுமா? சீட் பெல்ட் கிடையாது. இப்ப இருக்கிற மாதிரி ஹெல்மெட்டும் கிடையாது. தலையில் ஒரு தொப்பி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். டிரைவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து போவார். எண்ணெய் பம்ப் பண்றதும், பின்னால் எந்தக் கார் வருதுன்னு பார்த்துச் சொல்றதும் அவர் வேலை. கார் கவிழ்ந்தால் இரண்டு பேர் உயிருக்கும் ஆபத்து. 1909-இல் இண்டியானாபொலிஸ் மைதானத்தில் நடந்த முதல் கார் பந்தயங்களிலேயே டிரைவர், மெக்கானிக், பார்க்க வந்தவர்கள் என்று 5 பேர் இறந்துபோனார்கள். கல்லும் தாரும் போட்ட தரை பெயர்ந்ததுதான் முக்கியக் காரணம். அதற்கு அப்புறம்தான் சுமார் 32 லட்சம் செங்கல் பதித்தார்கள்.

1911 மே 30. அதே இடத்தில் முதல் 500 மைல் பந்தயம். ஹாரூன் 1910-லேயே பந்தயம் போதும் என்று ஒதுங்கியவர். கம்பெனி கேட்டதால் திரும்பி வந்தார். அவர் காருக்குக் குளவி என்று பெயர். மஞ்சள் நிறம், காற்றைக் கிழித்துப் போக வசதியாக வால் கூராக இருக்கும். அதில் ஒரே ஒரு சீட்டுதான்!

மற்ற டிரைவர்கள் சண்டைக்கு வந்துட்டாங்க. மெக்கானிக் இல்லாமல் பின்னால் வருகிறவரை இவர் எப்படிப் பார்ப்பார், எங்களுக்கு ஆபத்து இல்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? ஹாரூன் கோபப்படவில்லை. கம்பிகள் வைத்து, தன் கண்ணுக்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டினார். முன்பு ஒரு குதிரை வண்டியில் அப்படிக் கண்ணாடி பார்த்த ஞாபகத்தில் செய்ததாகப் பிற்காலத்தில் சொன்னாராம்.

40 கார்கள் கிளம்பின. கொஞ்ச நேரத்திலேயே ஒரு கார் விபத்தில் சிக்கி, அதில் போன சாம் டிக்சன் என்ற மெக்கானிக் இறந்துவிட்டார். டிரைவர் பிழைத்துக்கொண்டார். ஹாரூன் காரில் அந்த இரண்டாவது சீட்டே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

டயர் தேயக்கூடாது என்று ஹாரூன் கண்டபடி வேகம் போகாமல் நிதானமாக ஓட்டினார். நடுவில் கொஞ்ச நேரம் சைரஸ் பாட்ச்கே என்பவர் அவருக்குப் பதிலாக ஓட்டினார். 6 மணி 42 நிமிடத்தில், சராசரியாக மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் குளவி ஜெயித்தது!

இதில் ஒரு வேடிக்கை. செங்கல் தரையில் கண்ணாடி ஆடின ஆட்டத்தில் தனக்கு ஒண்ணும் சரியாகத் தெரியவில்லை என்று ஹாரூனே பின்னாடி ஒத்துக்கொண்டார். இன்னொன்று வேடிக்கை இல்லை, வருத்தம். அடுத்த ஆண்டு, 1912-இல், எல்லாக் காரிலும் மெக்கானிக் கட்டாயம் என்று விதி போட்டுவிட்டார்கள். 1923-இல்தான் அந்தக் கட்டாயம் போனது. 1930-இல் மறுபடியும் வந்து 1937 வரை இருந்தது. ஒரு கண்ணாடியும் ஒரு காலி இடமும் சொன்ன பாடம் புரிய அத்தனை வருஷம் ஆகியிருக்கு.

ஹாரூன் அந்த வெற்றியோடு பந்தயத்தை விட்டுவிட்டு, கார் வடிவமைக்கிற வேலைக்கே போய்விட்டார். 1968 ஜனவரி 19 அன்று, 89 வயதில் காலமானார்.

ஜெயித்தவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். சாம் டிக்சன் பெயரையும் நாம ஞாபகம் வச்சுக்கணும்னு எனக்குத் தோணுது. இனிமேல் பஸ்ஸில் அந்தக் கண்ணாடியைப் பார்க்கும்போது இரண்டு பேரையும் நினையுங்கள். படிக்கட்டில் தொங்காதீங்க!



– 9-ஆம் வகுப்பு மாணவி