முடி துறந்த மகேந்திர பிரதாபர்

செல்வத்திற் பிறந்தோர் பலர். அச்செல்வத்தைப் பிறர்பொருட்டுத் துறந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் இராஜா மகேந்திர பிரதாபர். அரச குடியிற் பிறந்த இவர், நாட்டு விடுதலைக்காக அயல்நாடுகளில் அலைந்து, முதுமையில் மக்கள் அளித்த வாக்கினால் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்.

ஏலமலைச் சாரலின் அடியில் அமைந்த போடிநாயக்கனூர் முன்னாளில் பாளையமாகவும், ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீனாகவும் விளங்கியது. அதுபோலவே வடநாட்டில், யமுனையாற்றுக்குக் கிழக்கே, முர்சான், ஹத்ராஸ் என்னும் சிற்றரசுகள் இருந்தன. 1817-இல் ஹத்ராஸ் கோட்டையை ஆங்கிலேயர் பீரங்கிகளால் தகர்த்தனர். அதன்பின் அக்குடியினருக்கு அரசர் என்னும் பெயரும் நிலவுடைமையுமே எஞ்சின.

முர்சான் அரசருக்கு மூன்றாம் மைந்தராக 1886-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் மகேந்திர பிரதாபர் பிறந்தார். மைந்தர் இல்லாத ஹத்ராஸ் அரசர் அவரைத் தத்தெடுத்து, தமக்குப்பின் உரியவராக்கினார். அலிகாரில் கல்வி பயின்ற இளவரசர், 1906-இல் கல்கத்தாவிற் கூடிய காங்கிரசு மாநாட்டைக் கண்டார். சுதேசியப் பற்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஏட்டுக்கல்வி மட்டும் வறுமையைப் போக்காது எனத் தெளிந்து, 1909-இல் பிருந்தாவனத்தில் பிரேம மகாவித்தியாலயம் என்னும் தொழிற்கல்விச் சாலையை நிறுவினார். அதற்குத் தம் மாளிகையையும் சில ஊர்களையும் வழங்கினார். தீண்டாமையை வெறுத்து, ஒடுக்கப்பட்டோருடன் உடனிருந்து உண்டார்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஆங்கிலேயரின் பகைவரைத் துணைகொண்டு இந்தியாவை விடுவிக்கலாம் என்று எண்ணிய அவர், இளம் மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு அவ்வாண்டின் இறுதியிற் கப்பலேறினார். பெர்லினில் இந்தியப் புரட்சியாளர் குழு ஒன்று இயங்கியது. தமிழராகிய செண்பகராமன் பிள்ளையும் அதில் ஒருவர். அக்குழுவின் தொடர்பால் ஜெர்மானியப் பேரரசரைக் கண்ட இளவரசர், ஒரு தூதுக்குழுவுடன் துருக்கி, பாரசீகம் ஆகிய நாடுகளைக் கடந்து காபூல் நோக்கிச் சென்றார். வழியெங்கும் வறண்ட பாலை. பக்கமெங்கும் பகைவர் காவல். இடர்களைத் தாங்கி, 1915 அக்டோபரில் அந்நகரை அடைந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், தம் பிறந்தநாளன்று, காபூலில் இந்தியாவின் தற்காலிக அரசு ஒன்றை அவர் நிறுவினார். அவரே தலைவர்; மௌலானா பர்க்கத்துல்லா தலைமை அமைச்சர். மதவேற்றுமை அவ்வரசில் இடம்பெறவில்லை. ஆயினும், ஆப்கானிய அமீர் ஆங்கிலேயரைப் பகைக்கத் துணியாது நடுநிலையில் நின்றார். படையும் நிலமும் இன்றி, அம்முயற்சி கனியாதே போயிற்று. ஆங்கில அரசோ அவருடைய உடைமைகளைப் பறிமுதல் செய்தது. தாயகம் திரும்பும் வழியும் அடைபட்டது.

முயற்சி தோற்றபோதும் அவர் உள்ளம் தளரவில்லை. 1919-இல் இரஷ்யாவில் லெனினைக் கண்டு உரையாடினார். பின்னர் ஜப்பானில் நெடுங்காலம் தங்கி, உலக நாடுகள் அனைத்தும் ஒரே கூட்டாட்சியாக இணைய வேண்டும் என்னும் கொள்கையைப் பரப்பினார். ஏறத்தாழ 32 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1946 ஆகஸ்டில் அவரைத் தாங்கிய கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. இளைஞராய்ப் பிரிந்தவர், அறுபதை நெருங்கிய முதியவராய்த் தமிழ் மண்ணில் இறங்கித் தாய்நாட்டை மீண்டும் மிதித்தார். அங்கிருந்து வார்தா சென்று காந்தியடிகளைக் கண்டார்.

1957-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், பிருந்தாவனத்தை உள்ளடக்கிய மதுராத் தொகுதியில், எக்கட்சியையும் சாராது அவர் நின்றார். பிற்காலத்தில் பிரதமரான அடல் பிகாரி வாஜ்பாயும் அங்குப் போட்டியிட்டுத் தோற்றார். வெற்றி முதியவராகிய இளவரசருக்கே கிட்டியது. அவருடைய உடைமையுரிமையைப் பறித்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தை, அவர் உறுப்பினராய் வீற்றிருந்த பாராளுமன்றமே 1960-இல் நீக்கியது.

1979-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அலிகாரில் அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் அமைக்க, 2021-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. பிறப்பினால் வந்த அரசுரிமையை அவர் நாட்டிற்காக இழந்தார். அன்பினால் மக்கள் அளித்த உரிமையைப் பெற்றார். முன்னதினும் பின்னதே பெரிது என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.