பேராயர் சாமுவேல் அஜாயி குரோதர்

யாழ்ப்பாணத்திலும் கோட்டேயிலும் கண்டியிலும் பாடசாலைகளை நிறுவிய சி. எம். எஸ். மிசனரி சங்கத்தை நம்மில் பலர் அறிவோம். அதே சங்கம் மேற்கு ஆபிரிக்காவில் நடத்திய பாடசாலையொன்றில் எழுத்தறிந்த சிறுவன் ஒருவன் பின்னாளில் அங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது ஆபிரிக்கப் பேராயரானான். கல்வியின் பயனை எண்ணிப் பார்க்கும் இந்நூற்றாண்டு வேளையில் அவரது வாழ்வை நினைவுகூருவது பொருந்தும்.

அஜாயி 1809 ஆம் ஆண்டளவில், இன்றைய நைஜீரியாவிலுள்ள ஒசோகுன் என்னும் யோருபா ஊரில் பிறந்தார். 1821 இல் அடிமை பிடிப்போர் அவ்வூரைத் தாக்கினர். தாயும் பிள்ளைகளும் பிரிக்கப்பட்டனர். சிறுவன் பலமுறை விற்கப்பட்டு, இறுதியில் போர்த்துக்கேயக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரலில் பிரித்தானியக் கடற்படை அக்கப்பலை மறித்து, அதிலிருந்தோரைச் சியரா லியோனில் விடுவித்தது.

அங்கே அவர் ஆறு மாதங்களில் வாசிக்கப் பழகினார். 1825 இல் ஞானஸ்நானம் பெற்று, 1827 இல் ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களுள் ஒருவரானார். அவரைப் போலவே அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட அசானோ என்னும் சூசனை மணந்தார். இருவரும் ஆசிரியப் பணி புரிந்தனர்.

1841 இல் நைஜர் ஆற்றில் சென்ற பயணக் குழுவில் ஐரோப்பியர் பலர் காய்ச்சலுக்குப் பலியாயினர். ஆபிரிக்கரே ஆபிரிக்காவில் ஊழியம் செய்ய வேண்டுமென்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. குரோதர் 1843 இல் இலண்டனில் குருப்பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 1846 இல் அபெயோகுட்டாவில், இருபத்தைந்து ஆண்டுகளின் பின், தம் தாயைக் கண்டார். அத்தாய் மகனோடு தங்கி, 1848 இல் அன்னாள் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார்.

தாய்மொழிக்கு அவர் செய்த பணி பெரிது. யோருபா மொழிக்குச் சொற்றொகுதியும் இலக்கணமும் எழுதினார். முதியோரின் பேச்சைக் கேட்டுச் சொற்களையும் பழமொழிகளையும் திரட்டினார். வேதாகமத்தின் யோருபா மொழிபெயர்ப்பில் முதன்மைப் பங்கு அவருடையதே. 1880களில் அது முழுமை பெற்றது.

1864 ஜூன் 29 இல் கன்ரபரிப் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பண்ணப்பட்டார். ஆபிரிக்க ஊழியர்களைக் கொண்டே நைஜர் கரையோரம் ஆலயங்களையும் பாடசாலைகளையும் அமைத்தார்.

முதுமையில் அவருக்குப் பெருந்துயர் காத்திருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிசனரிமார், அவரது ஊழியர்மீது குற்றஞ்சாட்டினர். 1890 இல் பேராயரின் அதிகாரத்தையும் மீறி அவ்வூழியர் பலர் விலக்கப்பட்டனர். எண்பது வயதைக் கடந்த அவர், மனம் நொந்து நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31 இல் லாகோஸில் காலமானார். அவருக்குப்பின் அப்பணிக்கு ஐரோப்பியரே நியமிக்கப்பட்டார். அன்று இழைக்கப்பட்ட அநீதிக்காக 2014 இல் கன்ரபரிப் பேராயர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

அந்த மன்னிப்பு வர 120 ஆண்டுகளுக்கு மேல் சென்றது. ஆனால் குரோதர் செய்த மொழிப்பணி அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் மறைந்த பின்னும் யோருபா மக்கள் தம் மொழியில் வாசித்தார்கள், தம் பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள். பதவியைப் பறிக்கலாம், கற்றுக்கொடுத்ததைப் பறிக்க முடியாது. உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவியராகிய நாமும் பெற்ற கல்வியை இன்னொருவர் கையில் சேர்ப்போமாக.