இசையோடு வளர்ந்த அறிஞர் ஐன்ஸ்டீன்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் டான்யூப் ஆற்றங்கரையில் உல்ம் என்னும் பழைமையான நகரம் அமைந்துள்ளது. அந்நகரில் 1879 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆம் நாள் எர்மன் ஐன்ஸ்டீன், பவுலின் ஆகிய இருவருக்கும் தலைமகனாய்ப் பிறந்தவரே அறிஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். அவர் கண்ட சார்புக் கொள்கையை இங்கு விரித்துரைக்க நாம் முற்படவில்லை. அது தொடக்கப் பள்ளிக்கு மிகவும் அப்பாற்பட்ட பாடம். அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வந்த வயலினைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

அதற்குக் காரணமும் உண்டு. பிள்ளையை இசை வகுப்பில் சேர்த்தால் மூளை வளருமா, கணக்கில் மதிப்பெண் கூடுமா என்று பெற்றோர் பலர் ஆசிரியர்களாகிய எங்களை வினவுவதுண்டு. எந்நேரமும் திரைப்பாட்டை முணுமுணுக்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று சலித்துக் கொள்வோரும் உளர். இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் ஐன்ஸ்டீனின் பெயர் எடுத்துக்காட்டாக வந்துவிடுகிறது. ஆயினும் அவர் இளமையில் உண்மையாக நடந்தது என்ன என்பதைச் சிலரே அறிவர்.

ஐன்ஸ்டீனுக்கு ஒரு வயது ஆனபோது, 1880 இல், குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையும் சிற்றப்பாவும் மின்கருவித் தொழில் நடத்தினர். குழந்தை காலந்தாழ்த்தியே பேசத் தொடங்கியது. பெற்றோர் அஞ்சி மருத்துவரையும் நாடினர். அன்னை பவுலின் பியானோ வாசிப்பதில் வல்லவர். மாலை வேளைகளில் அவ்வீட்டில் இசை ஒலித்துக்கொண்டே இருக்கும். மகனும் இசை கற்க வேண்டும் என்று விரும்பிய அன்னை, அவனுக்கு ஏறத்தாழ ஆறு வயதானபோது வயலின் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

சிறுவன் மகிழ்ச்சியோடு கற்றான் என்று எழுதவே நமக்கும் ஆசை. ஆனால் அவ்வாறு நிகழவில்லை. ஆசிரியர்கள் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தனர். விரல் வைக்கும் இடமும் வில் இழுக்கும் முறையுமே பாடமாயின. சிறுவனுக்கு அதில் சிறிதும் சுவை பிறக்கவில்லை. அன்னையின் கட்டளைக்குப் பணிந்து ஆண்டுக்கணக்கில் வாசித்து வந்தான். இத்தனை ஆண்டுப் பயிற்சியும் அவனைச் சிறந்த வயலின் கலைஞனாக்கவில்லை. பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறோம்.

பதின்மூன்றாம் வயதில் மாற்றம் வந்தது. மோட்சார்ட் என்னும் இசைமேதை இயற்றிய வயலின் இசைப் படைப்புகள் அவன் கைக்கு வந்தன. அவற்றின் அழகில் அவன் உள்ளம் முழுமையாகத் தோய்ந்தது. அவ்வழகைத் தன் விரல்களால் எழுப்ப வேண்டும் என்ற வேட்கை பிறந்ததும், முன்பு கசந்த பயிற்சியே இனித்தது. எவரும் ஏவாமலேயே மணிக்கணக்கில் வாசித்தான். வயலின் வாசிப்பைத் தாம் உண்மையில் கற்றுக்கொண்டது அப்போதுதான் என்றும், கடமையுணர்ச்சியைக் காட்டிலும் அன்பே நல்லாசான் என்றும் பிற்காலத்தில் அவர் கருதினார்.

அதே காலத்தில் மற்றொரு வாயிலும் அவனுக்குத் திறந்தது. மேக்சு தால்மூத் என்னும் ஏழை மருத்துவ மாணவர் 1889 முதல் வாரந்தோறும் ஐன்ஸ்டீன் வீட்டிற்கு உணவுண்ண வருவார். அவர் அறிவியல் நூல்களைக் கொண்டுவந்து சிறுவனிடம் கொடுப்பார். பன்னிரண்டாம் வயதில் கிடைத்த ஒரு வடிவியல் நூலைப் பள்ளியில் பாடம் நடத்தப்படும் முன்னரே சிறுவன் தானே கற்று முடித்தான். பதினைந்து வயது நிரம்பும் முன் நுண்கணிதமும் அவனுக்குக் கைவந்தது. வடிவியலும் மோட்சார்ட்டும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் அவன் உள்ளத்தில் குடிபுகுந்தன. இவற்றுள் ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தது என்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. இரண்டிலும் அவன் கண்டது ஒழுங்கும் தெளிவும் கலந்த ஓர் அழகு என்று மட்டும் நாம் கூறலாம்.

ஐன்ஸ்டீன் பள்ளியில் மந்தமான மாணவர் என்றும் கணக்கில் தோற்றவர் என்றும் ஒரு கதை நெடுங்காலமாக உலவி வருகிறது. நம் மாணவர் சிலரும் தேர்வு முடிவு வரும் நாளில் இதைச் சொல்லித் தேறுதல் அடைவதுண்டு! அது வெறுங்கதையே. 1895 இல் சூரிச் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை என்பது உண்மை. ஆனால் அப்போது அவருக்கு வயது பதினாறுதான். கல்லூரியில் சேர்வதற்கு உரிய வயதோ பதினெட்டு. அத்தேர்விலும் கணிதம், இயற்பியல் ஆகிய இரு பாடங்களிலும் அவர் சிறந்தே விளங்கினார்.

அதன்பின் சுவிட்சர்லாந்தில் ஆராவ் என்னும் ஊரில் ஓராண்டு பயின்றார். அப்பள்ளியில் மனப்பாடத்திற்கு முதலிடம் தரப்படவில்லை. தாமே சிந்திக்க மாணவர் ஊக்குவிக்கப்பட்டனர். 1896 மார்ச்சு மாதம் அங்கே இசைத் தேர்வு நடைபெற்றது. ஐன்ஸ்டீன் பீத்தோவனின் படைப்பொன்றிலிருந்து மெதுவான பகுதியை வாசித்தார். அவர் இசையின் பொருளை ஆழ உணர்ந்து வாசித்ததாகத் தேர்வாளர் பாராட்டிக் குறிப்பெழுதினார். அவ்வாண்டே அவர் சூரிச் கல்லூரியிலும் சேர்ந்தார். அங்கே ஒருநாள், அண்டை வீட்டு மேல்மாடியில் யாரோ மோட்சார்ட்டின் இசையைப் பியானோவில் வாசிப்பது அவர் காதில் விழுந்தது. உடையைக்கூடச் சரிசெய்யாமல் வயலினை இடுக்கிக்கொண்டு அங்கே ஓடி, முன்பின் அறியாத அம்மூதாட்டியுடன் சேர்ந்து வாசித்தார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர்.

1902 இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியேற்றதும், 1905 இல் உலகையே வியக்கவைத்த ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டதும் நூல்கள் பலவற்றில் விரிவாக உள்ளன. நமக்கு வேண்டியது 1915 ஆம் ஆண்டின் ஒரு செய்தி. அவ்வாண்டு நவம்பரில் பெர்லினில் பொதுச் சார்புக் கொள்கையை நிறைவு செய்ய ஐன்ஸ்டீன் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தார். மனைவியும் மக்களும் அவரைப் பிரிந்து சூரிச்சில் வாழ்ந்தனர். ஐரோப்பாவெங்கும் போர் மூண்டிருந்தது. அந்நிலையிலும் பதினொரு வயது மகன் ஆன்சு ஆல்பர்ட்டுக்கு ஒரு மடல் எழுதினார். மகன் பியானோவில் மகிழ்ச்சி காண்பது கேட்டுத் தாம் மகிழ்வதாகவும், அவ்வயதில் பள்ளிப் பாடத்தைவிடப் பியானோவும் தச்சுவேலையும் அவனுக்கு ஏற்றவை என்று தாம் கருதுவதாகவும் அதில் குறிப்பிட்டார். ஆசிரியர் கொடுக்காவிட்டாலும் மனத்திற்குப் பிடித்தவற்றை வாசிக்கும்படி அறிவுறுத்தினார். நேரம் போவதே தெரியாத அளவுக்கு மகிழ்ந்து செய்யும் செயலில்தான் மிகுதியாகக் கற்க முடியும் என்பதே அம்மடலின் சாரம். அறிவு வளரும் என்றோ மதிப்பெண் கூடும் என்றோ அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அம்மகன் பிற்காலத்தில் அமெரிக்காவில் நீரியல் துறைப் பேராசிரியரானார். பியானோவில் பெருவிருப்பம் கொண்ட இளைய மகன் எடுவர்டு இளம் வயதிலேயே மனநோய்க்கு ஆளாகித் துன்புற்றார்.

ஆராய்ச்சியில் வழி தெரியாமல் தடுமாறும் வேளைகளில் தந்தை இசையை நாடுவார் என்றும், பெரும்பாலும் அதன்பின் தெளிவு பிறக்கும் என்றும் மூத்த மகன் நினைவுகூர்ந்துள்ளார். இசைச் சுவையில் ஐன்ஸ்டீன் மிகவும் பிடிவாதக்காரர். பாக், மோட்சார்ட், சூபர்ட் ஆகியோரைப் போற்றினார். வாக்னரின் இசை அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவ்விசையில் ஈடுபட்ட பேரறிஞர்களும் உலகில் உண்டு. ஆகவே ஒருவர் விரும்பும் இசையை வைத்து அவர் அறிவை அளப்பது பொருந்தாது என்பதே எங்கள் எண்ணம். திரைப்பாட்டை முணுமுணுக்கும் பிள்ளைக்காக இங்குச் சற்றே பரிந்து பேசுகிறோம்.

1922 ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் செல்லும் வழியில் ஐன்ஸ்டீன் நம் பகுதிக்கும் வந்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் தொடக்கத்தில் அவர் கப்பல் சிங்கப்பூரை அடைந்தது. எருசலேமில் அமையவிருந்த பல்கலைக்கழகத்திற்கு நிதி வேண்டி, செல்வர் மனாசே மேயரை அவர் இங்குச் சந்தித்தார். நோபல் பரிசுச் செய்தி அதே பயணத்தில்தான் அவருக்கு எட்டியது. திரும்பும் வழியில், 1923 சனவரியில், மீண்டும் சிங்கப்பூரிலும் பின்னர் மலாக்காவிலும் பினாங்கிலும் கப்பல் நின்றது. அப்பயணத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பில் கீழைநாட்டு மக்களைப் பற்றிய இழிவான கருத்துகள் சில இடம்பெற்றுள்ளன. அவற்றைப் படிக்கையில் நமக்கு மனம் வருந்துகிறது. நுண்ணிய இசைச் சுவையும் பேரறிவும் ஒருங்கே பெற்றவரிடமும் இக்குறை இருந்தது. அதை மறைத்து எழுதுதல் முறையன்று.

1930 இல் பெர்லினுக்கு அருகிலுள்ள காப்புத் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் கவி தாகூரை அவர் வரவேற்றார். அவ்வாண்டு நிகழ்ந்த மற்றொரு சந்திப்பில் இருவரும் இசையைப் பற்றி நெடுநேரம் உரையாடினர். இராகத்தின் எல்லைக்குள் பாடகருக்குள்ள உரிமையைத் தாகூர் விளக்க, ஐன்ஸ்டீன் ஆர்வத்துடன் வினாக்கள் தொடுத்தார்.

1933 இல் இட்லரின் கொடுங்கோன்மை ஜெர்மனியைக் கவ்வியது. யூதராகிய ஐன்ஸ்டீன் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில் குடியேறினார். 1937 இல் மரியன் ஆண்டர்சன் என்னும் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி அந்நகருக்குப் பாட வந்தார். அவர் குரலைக் கேட்க மண்டபம் நிறையக் கூட்டம் திரண்டது. ஆனால் அவர் நிறத்தைக் காட்டி, நகரின் தங்கும் விடுதி இடந்தர மறுத்துவிட்டது. ஐன்ஸ்டீன் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று விருந்தினராகத் தங்கவைத்தார். அந்நட்பு இறுதிவரை நீடித்தது. கீழை நாட்டாரைப் பற்றி அன்று அவ்வாறு எழுதியவர் இவ்வாறு நடந்துகொள்வதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

அவர் மறைவுக்குப் பின்னரும் இசையும் அறிவும் பற்றிய ஆய்வு தொடர்ந்தது. 1993 இல் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர் முப்பத்தாறு பேரிடம் ஒரு சோதனை நடத்தினர். மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் அவர்கள் வடிவங்களைப் பற்றிய கேள்விகளுக்குச் சற்று நன்றாக விடையளித்தனர். அப்பயன் கால் மணி நேரத்திற்கு மேல் நிலைக்கவில்லை. ஆயினும் மோட்சார்ட்டைக் கேட்டால் குழந்தைகள் மேதையாவர் என்ற பேச்சு காட்டுத்தீபோல் பரவியது. இசைத்தட்டு விற்றோர் நன்கு பொருளீட்டினர். 2004 இல் கனடாவில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக் காலம் பியானோவோ பாட்டோ கற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு மற்றவர்களைவிடச் சற்றே கூடியிருந்தது. அந்த வேறுபாடும் மிகச் சிறியது. பின்னர் நடந்த சில ஆய்வுகளில் அச்சிறு வேறுபாடும் தென்படவில்லை.

முதுமையில் ஐன்ஸ்டீனின் விரல்கள் தளர்ந்தன. வயலினை எடுத்து வைத்துவிட்டார். ஆனால் நாள்தோறும் பியானோவின் முன் அமர்ந்து தமக்குத் தோன்றிய இசையை வாசித்து வந்தார். 1955 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் பிரின்சுடன் மருத்துவமனையில், தம் எழுபத்தாறாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். லீனா என்று செல்லப் பெயரிட்டு அழைத்த தம் வயலினைப் பேரன் பெர்னார்டுக்கு உரிமையாக்கிச் சென்றிருந்தார்.