பேராதனை தந்த பெருந்தகை

நான் மாத்தளையான். எங்கள் நகருக்கு வடக்கே, திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற அலுவிகாரை. நகரினுள்ளே, மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் பவனி வரும் முத்துமாரியம்மன் கோயில். பள்ளிவாசலும் கிறிஸ்தவ தேவாலயமும் கூப்பிடு தூரத்தில். எனினும், ஆலயங்கள் அருகருகே நின்றால் உள்ளங்களும் அவ்வாறே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் மாத்தளைத் தமிழரின் கடைகளும் இல்லங்களும் எரிந்தபோது அவ்வுண்மை புலனாயிற்று. அவ்வேளை தம் இனத்தாரின் குற்றத்தைத் தம் குற்றமாகவே ஏற்று நின்ற சிங்களப் பெருமகன் ஒருவரை இங்கு நினைவுகூர விழைகின்றேன். அவரே குருநாகல் அத்தியட்சர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க.

1927ஆம் ஆண்டு பிறந்த இவரின் தந்தையார் பிரித்தானியர் ஆட்சியில் உயர்பதவி வகித்த அதிகாரி. கொழும்பு றோயல் கல்லூரியிலும், இலங்கைப் பல்கலைக் கழகத்திலும், பின்னர் ஒக்ஸ்போட்டிலும் கற்றுத் தேர்ந்த அவருக்கு அரசியல், உத்தியோகம் எவ்வழியும் திறந்தேயிருந்தது. அவரோ குருத்துவத்தைத் தேர்ந்தார்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் பேராதனைப் பல்கலைக் கழகத்தில் அங்கிலிக்கன் குருவானவராகப் பணியேற்றார். காலமோ கொந்தளிப்பானது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1958இல் இனக் கலவரம். 1960 முதல் கலைத்துறையில் தாய்மொழிவழி மாணவர் புகுந்தனர். ஆங்கிலக் கல்லூரிகளின் பிள்ளைகளோடு நாட்டுப்புறத்துப் பௌத்த, சைவ, இஸ்லாமிய இளைஞரும் மகாவலிக் கரையில் ஒருங்கே வாழலாயினர். மார்க்சீயமும் விடுதிகளில் ஓங்கி ஒலித்தது.

இத்தகைய சூழலில், தம் சபை மாணவருக்கு மட்டும் ஞாயிறு வழிபாடு நடத்திவிட்டு ஒதுங்கியிருத்தல் ஒரு குருவுக்கு எளிது. லக்ஷ்மன் அவ்வாறு ஒதுங்கவில்லை. பௌத்தத்தை ஊன்றிக் கற்றார். மார்க்சீயரோடு வாதித்தார், அவர்கள் பேச்சிலிருந்த நீதிவேட்கையை மதித்தார். பிறர் நம்பிக்கையை அறிதல் தன் நம்பிக்கையைக் குறைக்காது, ஆழமாக்கும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்து அவர் எழுத்துகள் யாவற்றுக்கும் பேராதனையே நாற்றங்கால் எனலாம்.

1962இல், முப்பத்தைந்தாவது வயதில், குருநாகல் அத்தியட்சரானார். கண்டியும் மாத்தளையும் அவ்வத்தியட்சாதீனத்துள் அடங்கியவை. ஆகவே, சிங்கள உழவரும் தோட்டத் தமிழ்த் தொழிலாளரும் ஒருங்கே அவர் மந்தையினர். வழிபாட்டில் நாட்டு மரபும் இசையும் வேரூன்ற அவர் ஊக்கமளித்தார்.

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான இளைஞர் சிறைப்பட்டனர். பல்கலைக் கழக மாணவரும் அவருள் இருந்தனர். வன்முறையை ஏற்காத அத்தியட்சர், அவ்விளைஞரின் சட்ட உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தார். அவ்வாண்டு தோன்றிய குடியியல் உரிமைகள் இயக்கத்தின் தூண்களுள் ஒருவரானார். ஆளும் வர்க்கத்திற் பிறந்த ஒருவர் ஆள்வோரையே கேள்வி கேட்டமை பலருக்கு உவப்பளிக்கவில்லை.

1981இல் பெங்களூரில் கூடிய ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டில், யாழ்ப்பாணத்துத் தமிழரான டி. ரி. நைல்ஸ் அவர்களின் நினைவுப் பேருரையை நிகழ்த்தும் பேறு இவருக்கு வாய்த்தது. மக்களோடு மக்களாய்க் கிறிஸ்துவில் வாழ்தலே அதன் பொருள்.

ஆடிக் கலவரம் வெடித்தபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். இருதய நோய் வருத்தியும் தாயகம் திரும்பிப் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்தார். புரட்டாதி மாதம் தம் அத்தியட்சாதீனத்தாருக்கு ஆற்றிய உரையில், நிகழ்ந்தது ஒழுக்கக் கேடு என்றும், சிங்களவர் அதற்காக வெட்கி, பொறுப்பேற்க வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். சாக்குப்போக்குச் சொல்லியோர் மலிந்திருந்த நாளில், அவ்வுரைக்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

சில வாரங்களில், 1983 ஐப்பசி 23ஆம் நாள், அவரது இருதயம் ஓய்ந்தது. வயது ஐம்பத்தாறே.

பேராதனை வளாகத்தில் இன்று குறிஞ்சிக்குமரன் கோயிலும், விகாரையும், பள்ளிவாசலும், தேவாலயமும் நிற்கின்றன. மாத்தளையிலும் மீண்டும் தேர் ஓடுகின்றது. கட்டடங்களுக்கு நமக்குக் குறைவில்லை. தன் கூட்டத்தார் தவறியபோது அவர் நடுவே நின்று அதனைச் சொல்லும் குருமாரே அரியர். கடை எரிந்தவனுக்குப் புதிய கடையைப் பிறர் கட்டித் தரலாம். அவன் அயலவனை மீண்டும் நம்பத் துணிவது, இத்தகைய ஒருவர் இருந்தார் என்று அறியும்போதே.