இசை மேதை ஆர்த்துரோ தொஸ்கனீனி

குரலெடுத்துப் பாடாமலும், வாத்தியமொன்றை மீட்டாமலும் ஒருவர் சங்கீத உலகிலே பெரும்புகழ் ஈட்டுதல் கூடுமோ? நம்மவருட் பலர் இவ்வாறு ஐயுறுதல் இயல்பே. நமது கச்சேரியிலே பாடகரும், வயலின்காரரும், மிருதங்க வித்துவானும் அருகருகே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியே இசைந்து செல்வர். மேல்நாட்டாரின் ஒப்பறா என்னும் இசைநாடகத்தின் நிலை வேறு. மேடையிலே நடிகர் பாடுவர். அவர் பின்னே கூட்டுப்பாடற் குழுவினர் நிற்பர். கீழே நூறு வரையான வாத்தியகாரர் இருப்பர். இத்தனை பேரும் ஓருயிராய் இயங்க வேண்டுமாயின், நடுவே ஒருவர் நின்று கையிலுள்ள சிறு கோலினால் வழிகாட்டுதல் வேண்டும். யார் எப்போது தொடங்குவது, எந்த வேகத்திற் செல்வது, எவ்வாத்தியம் ஓங்குவது, எது தாழ்வது என்பனவெல்லாம் அவர் பொறுப்பாகும். அவரை நடத்துநர் என்பர். அவர் கைக்கோல் ஒரு சிறு ஓசையும் எழுப்புவதில்லை. ஆயினும் அக்கோலின்றி அத்தனை ஓசையும் வெறும் இரைச்சலாய் முடியும்.

அத்தகைய கோலை அறுபத்தெட்டு ஆண்டுகள் ஏந்தி நின்றவர் இத்தாலி நாட்டு இசை மேதை ஆர்த்துரோ தொஸ்கனீனி. அவருடைய சரிதம் இசை விரும்புவோர்க்கு மட்டும் உரியதன்று. எதற்குப் பணிவது, எதற்குப் பணியாதிருப்பது என்று அறிய விரும்பும் ஒவ்வோர் இளைஞனுக்கும் உரியது.

பிறப்பும் கல்வியும்

தொஸ்கனீனி 1867ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி பார்மா நகரிலே பிறந்தார். தந்தையார் கிளவுடியோ ஒரு தையற்காரர். இத்தாலியின் ஒருமைப்பாட்டிற்காகப் போராடிய கரிபால்டியின் படையிலே சேவித்தவர். வீட்டிலே வறுமை இருந்தது. அதனுடன் சுதந்திர வேட்கையும் இருந்தது. ஒன்பதாவது வயதிலே பார்மா சங்கீதக் கல்லூரியிற் சேர்ந்த சிறுவன், செல்லோ என்னும் பெரிய நரம்பு வாத்தியத்தைப் பயின்று, 1885இல் அதியுயர் சித்தியுடன் வெளியேறினான்.

அடுத்த ஆண்டே ஓர் இத்தாலிய நாடகக் குழுவுடன் தென்னமெரிக்கா சென்றான். அங்கே அவனுக்குக் கிடைத்த உத்தியோகம் சிறியது: செல்லோ வாசிப்பது, கூட்டுப்பாடற் குழுவினரைப் பயிற்றுவதில் உதவுவது, இவ்வளவே. 1886ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி இரவு, பிறேசில் நாட்டு றியோ நகரிலே வேர்டியின் ‘ஐடா’ நடைபெறவிருந்தது. குழுவினருடன் பிணங்கிய நடத்துநர் விலகிக் கொண்டார். அவரிடத்துக்கு வந்தவரைச் சபையோர் கூச்சலிட்டு விரட்டினர். நாடகம் நின்றால் குழுவினர் பிழைப்பும் போய்விடும். அவ்வேளையிலே தோழர்கள் பத்தொன்பது வயதுத் தொஸ்கனீனியை முன்னே தள்ளினர். மேடையேறிய இளைஞன் எதிரே இருந்த இசைப்பிரதியை மூடிவைத்துவிட்டு, அந்நெடிய நாடகம் முழுவதையும் மனனத்திலிருந்தே நடத்தி முடித்தான். கூச்சலிட்ட சபை ஆரவாரித்துப் போற்றியது.

இதனை அதிர்ஷ்டம் என்று சொல்வோர் உளர். அதிர்ஷ்டம் அன்று அவனுக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது உண்மையே. ஆனால் செல்லோ வாசிக்க வந்தவன் முழு நாடகத்தையும் உள்ளத்திலே எழுதி வைத்திருந்தமை அதிர்ஷ்டமன்று. ஒருவரும் ஏவாமலே செய்த உழைப்பாகும். இன்னுமொன்று கருதத்தக்கது. இவ்வெற்றியின் பின்னரும் அவர் செருக்குறவில்லை. 1887இலே மிலான் நகரின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கிலே வேர்டியின் ‘ஒத்தெல்லோ’ முதன்முதலாக அரங்கேறியபோது, சாதாரணச் செல்லோ வாத்தியகாரராக மீண்டும் அமர்ந்து வாசித்தார். ஆசிரியரின் கருத்தை அண்மையிலிருந்து அறிதற்கு அதனினும் நல்ல பள்ளி வேறில்லை.

அரங்கிலே சீர்திருத்தம்

அவர் புகழ் விரைவில் வளர்ந்தது. லியொன்கவாலோவின் ‘பல்யாச்சி’ 1892இல் மிலானிலும், புச்சினியின் ‘லா பொஹேம்’ 1896இல் தூரின் நகரிலும் அவர் கைக்கோலின் கீழேயே அரங்கேறின. 1898இல் முப்பத்தொரு வயதிலே லா ஸ்காலாவின் தலைமை நடத்துநரானார்.

அக்காலத்து இத்தாலிய அரங்கு களியாட்டவிடம் போன்றிருந்தது. சீமாட்டிகள் பெருந்தொப்பியணிந்து பின்னிருப்போர் பார்வையை மறைப்பர். விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கும், உரையாடலும் ஓயாது. பிடித்த பாட்டு வந்தால், கதை எந்நிலையில் நின்றாலும் அதனை மறுமுறை பாடும்படி கூவுவர். பாடகரும் தம் குரலைக் காட்டுதற்கு அதுவே தருணமென மகிழ்வர். தொஸ்கனீனி தொப்பிகளை அகற்றுவித்தார்; சபையின் விளக்குகளை மங்கச் செய்தார்; மறுமுறை பாடுதலை மறுத்தார். 1903இலே ஒருநாள் சபையோர் விடாது கூவியபோது நாடகத்தின் நடுவிலேயே எழுந்து சென்றார். லா ஸ்காலாவுக்கு மூன்றாண்டுகள் திரும்பினாரல்லர். பின்னர் 1908 தொடக்கம் 1915 வரை நியூ யோர்க் மெற்றோபோலிற்றன் அரங்கிலே பணிபுரிந்தார்.

அவர் கொள்கை எளியது. இசையை ஆக்கியோன் எழுதிவைத்த ஏடே தலைவன். பாடகனும், வாத்தியகாரனும், நடத்துநனும் அதன் ஊழியர். பல தலைமுறைகளாகப் பாடகர் தத்தம் விருப்பம்போற் சேர்த்த அலங்காரங்களை நீக்கி, எழுதியது எதுவோ அதனையே இசைக்கச் செய்தார். கண்பார்வை மிகக் குறைந்தவராதலின், இசைப்பிரதிகளைக் கண்ணருகே பிடித்து இரவிரவாகப் படித்து மனனஞ் செய்வார். ஒவ்வொரு வாத்தியகாரருக்கும் உரிய ஒவ்வொரு சுரத்தையும் அவர் அறிவார்.

அவரிடம் குற்றமும் இருந்தது, மறைத்தல் தகாது. ஒத்திகையிலே அவர் கோபம் கட்டுக்கடங்காது. கோலை முறிப்பார், பிரதிகளை வீசுவார், வாத்தியகாரரைக் கடுஞ்சொல்லால் வைவார். அவரிடம் கண்ணீர் விட்ட கலைஞர் பலர். ஆயினும் அவர்களே அவருடன் வாசித்ததைத் தம் வாழ்நாட் பேறாகவும் கருதினர். தம்மையும் அதே கடுமையுடன் அவர் வருத்திக்கொண்டதைக் கண்டவர்கள் அவர்கள்.

கொடுங்கோலும் கைக்கோலும்

நூறு பேரைத் தம் கோலுக்குப் பணியவைத்த இம்மனிதரைப் பணியவைக்க ஒரு பெரிய கோல் எழுந்தது. 1919இலே முசோலினி புதிய கட்சி தொடங்கியபோது, நாட்டைச் சீர்திருத்த வந்தவரென நம்பி, தொஸ்கனீனி மிலானில் அவர் பட்டியலிலே வேட்பாளராகவும் நின்றார். அப்பட்டியல் தோல்வியுற்றது. ஆட்சியைக் கவர அக்கட்சி வன்முறையை நாடியபோது தாம் செய்த பிழையை உணர்ந்தார். பிழையை உணர்ந்தபின் அதனை நியாயப்படுத்தாது திரும்பி வருதலும் ஒரு வீரமேயாம்.

பாசிசக் கட்சியினருக்கு ஒரு கீதம் இருந்தது. இளமை என்று பொருள்படும் ‘ஜொவினெற்சா’ என்பது அதன் பெயர். அரங்குகளிலே அதனை இசைக்க வேண்டுமென வற்புறுத்தினர். தொஸ்கனீனி உடன்படவில்லை. 1926 ஏப்ரல் 25ஆந் திகதி, காலஞ்சென்ற புச்சினி முடிக்காது விட்ட ‘துரண்டோத்’ அரங்கேறிய இரவிலும் அது இசைக்கப்படவில்லை, முசோலினியும் வரவில்லை. அவ்விரவு, தம் நண்பர் எழுதி நிறுத்திய இடம் வந்ததும், வேறொருவர் எழுதிச் சேர்த்த முடிவை இசைக்காது தொஸ்கனீனி கோலைத் தாழ்த்தினார்.

1931 மே 14ஆந் திகதி பொலோஞா நகரிலே, இசையறிஞர் மர்த்தூச்சியின் நினைவாக ஒரு கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அமைச்சர் வருகிறார், கீதம் வேண்டும் என்றனர். மறைந்த கலைஞருக்கு அஞ்சலி செலுத்தும் சபையிலே கட்சிக் கீதத்துக்கு இடமில்லையென அவர் மறுத்தார். அரங்க வாயிலிலே பாசிச இளைஞர் சூழ்ந்து, அறுபத்துநான்கு வயது முதியவரை முகத்தில் அறைந்தனர். அவ்விரவே அவர் ஊரைவிட்டுச் செல்ல நேர்ந்தது. கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது, வீட்டைக் காவலர் கண்காணித்தனர். உலகெங்கும் கண்டனம் எழுந்தபின்னரே அவர் வெளிநாடு செல்ல முடிந்தது. இளமையின் பெயரால் ஒரு முதியவரை அடித்த அக்கூட்டத்தை நினைக்கும்போது, இளைஞராகிய நாம் வெட்கித் தலைகுனிய வேண்டியுள்ளது.

அடுத்த சோதனை அதனினும் கடினமானது. வாக்னரின் இசையை அவர் தெய்வமாக மதித்தவர். வாக்னரின் திருப்பதி போன்ற பைறோயித் நகரிலே, ஜேர்மானிய மரபிலே வராத நடத்துநர் ஒருவர் முதன்முதலாக அழைக்கப்பட்டது 1930இல், அவரே தொஸ்கனீனி. 1933இலே ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூத இசைவாணரைப் பதவி நீக்கியபோது, அதனைக் கண்டித்து அனுப்பப்பட்ட தந்தியிலே தொஸ்கனீனி தம் பெயரையும் சேர்த்தார். ஜேர்மன் வானொலி அவர் இசைத்தட்டுகளை விலக்கியது. ஆயினும் ஹிட்லர் அவரைப் பைறோயித்துக்கு வருமாறு தாமே கடிதம் எழுதினார். தொஸ்கனீனி செல்லவில்லை. முசோலினியை எதிர்த்தபோது அவர் வெறுத்ததை மறுத்தார். பைறோயித்தை மறுத்தபோதோ அவர் உயிரினும் நேசித்ததைத் துறந்தார். இரண்டாவதே பெரிதென்பது என் துணிபு.

1936 மார்கழி 26ஆந் திகதி, ஐரோப்பாவிலே வேலையிழந்த யூதக் கலைஞரைக் கொண்டு ஹூபர்மன் என்னும் வயலின் மேதை தெல் அவீவ் நகரில் அமைத்த குழுவின் முதற் கச்சேரியை, ஊதியம் பெறாமலே நடத்திக் கொடுத்தார். ஜேர்மனியிலே விலக்கப்பட்டிருந்த மெண்டல்சோனின் இசையையும் அன்று சேர்த்துக்கொண்டார். 1938இல் ஒஸ்திரியா ஹிட்லருக்கு இணங்கத் தொடங்கியதும் சால்ஸ்பேர்க் விழாவையும் கைவிட்டார்.

திரும்பி வந்த நாள்

எழுபது வயதிலே, 1937 நத்தார் இரவிலே, அமெரிக்காவின் என். பி. சி. வானொலி நிலையம் அவருக்கென்றே அமைத்த வாத்தியக் குழுவை நடத்தத் தொடங்கினார். அரங்கையே காணாத ஏழையும் வானொலி வழியே அவர் இசையைக் கேட்டான்.

1943இலே குண்டுவீச்சினால் லா ஸ்காலா பாழாயிற்று. அதனைக் கட்டியெழுப்ப அவரும் பொருளுதவினார். 1946 மே 11ஆந் திகதி அதன் கதவு மீண்டும் திறந்தபோது, கோலேந்தி நின்றவர் எழுபத்தொன்பது வயதுத் தொஸ்கனீனி. யூதரென்பதனால் 1938இல் நீக்கப்பட்ட கூட்டுப்பாடல் ஆசிரியர் வெனெற்சியானி மீண்டும் தம் இடத்தில் இருந்தார். இடமின்றி வெளியே நின்ற மக்கள் ஒலிபெருக்கி வழியே கேட்டனர். அன்றைய நிகழ்ச்சியிலே வேர்டியின் ‘நபுக்கோ’விலுள்ள அடிமைகளின் பாடலும் இடம்பெற்றது. 1901இலே வேர்டியின் பேழையை மறு அடக்கத்திற்கு எடுத்துச் சென்றபோது, எண்ணூறுக்கு மேற்பட்ட பாடகரைக் கொண்டு தொஸ்கனீனி இசைத்ததும் அதே பாடலே. நாடிழந்தோர் நாட்டை நினைந்து பாடும் அப்பாடலை இம்முறை அவரே நாடிழந்து திரும்பியவராக நின்று நடத்தினார்.

1954 ஏப்ரல் 4ஆந் திகதி, வாக்னரின் இசையை நடத்துகையிலே, ஒருபோதும் பிழையாத நினைவு ஒருகணம் தடுமாறியது. அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி. 1957 ஜனவரி 16ஆந் திகதி, தொண்ணூறு வயது நிறைவதற்கு இரண்டு மாதம் இருக்கையிலே, நியூ யோர்க்கிற் காலமானார். பூதவுடல் மிலானிலே அடக்கஞ் செய்யப்பட்டது.

ஒத்திகையிலே கொடுங்கோலரென்று பேர்பெற்றவர், கொடுங்கோலுக்கு ஏன் பணியவில்லை? அவர் தமக்கு மேலாக ஒன்றை வைத்திருந்தார். எழுதப்பட்ட இசையேட்டுக்குத் தாமே முதற் பணியாளராயிருந்தார். தனக்கு மேலே உண்மையொன்றை வைத்துப் பணிபவன் வேறெவர்க்கும் அஞ்ச வேண்டியதில்லை. சங்கங்களிலே தலைமை தாங்க விழையும் நாம், பிறரைப் பணியவைக்க முன்னர், நாம் எதற்குப் பணிகிறோம் என்பதை ஒருமுறை சிந்தித்தல் நலமாகும்.