சூயஸ் வழியே கடிதம் கொண்டுபோன தாமஸ் வாக்ஹார்ன்

சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலத்தில், நம் புதுச்சேரியில் எழுதிய கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் போய் போர்தோ நகரைச் சேர நாலைந்து மாதம் ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு மாதம். வியாபாரிக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தாமதத்தைக் குறைக்க ஆயுள் முழுவதும் பாடுபட்டவர் தாமஸ் வாக்ஹார்ன்.

1800-இல் இங்கிலாந்தின் சாத்தம் ஊரில் பிறந்தார். 12 வயதில் கடற்படையில் சேர்ந்தார். பிறகு வங்காளத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் வேலை. 1829 அக்டோபரில், பம்பாய் கவர்னருக்கான அரசுக் கடிதங்களுடன் லண்டனிலிருந்து எகிப்து வழியாகப் புறப்பட்டார். சூயஸில் வந்து நிற்க வேண்டிய நீராவிக் கப்பல் வரவில்லை. மனிதர் சளைக்கவில்லை. திறந்த படகில் செங்கடலில் இறங்கி ஜித்தா வரை போனார்; பின்னர் பம்பாயும் சேர்ந்தார்.

அதன்பின் எகிப்திலேயே தங்கி, அலெக்சாண்ட்ரியா, கெய்ரோ, சூயஸ் என்று ஏஜென்சி நடத்தினார். பாலைவனத்தில் ஒட்டகங்களில் தபால் போனது. வழியில் பயணிகள் தங்க விடுதிகள் எழுந்தன. அவர் கைவழி போன கடிதங்களில் அவர் பெயர் கொண்ட முத்திரை விழுந்தது. கொள்ளைநோய்க்குப் பயந்து ஐரோப்பியத் துறைமுகங்களில் கடிதத்தைக் கீறிப் புகை போடுவார்கள். அந்தக் கீறல்களும் சில கடிதங்களில் இன்றும் தெரிகின்றன.

1840-களில் தபால் போக்குவரத்து பெரிய கப்பல் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1845-இல் திரியெஸ்த் வழியாக இன்னும் வேகமாகப் போகலாம் என்று காட்டினார். அந்தச் சோதனை ஓட்டங்கள் அவரைக் கடனில் தள்ளின. தாமதமாக வந்த பென்ஷனும் கடன்காரர்களுக்கே போயிற்று. 1850 ஜனவரியில், 49 வயதில் காலமானார். 1869-இல் கால்வாய் திறந்தது. அதை வெட்டிய லெஸ்ஸெப்ஸ், சூயஸில் இவருக்குச் சிலை வைத்தார்.

பற்றிலேயே முடிந்த கணக்கு அவருடையது. ஆனால் அவர் முத்திரை விழுந்த கடிதங்களை இன்று ஏலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். தபால் தலையே ஒட்டாத கடிதத்துக்கும் மதிப்பு உண்டு. அது போன வழிக்குத்தான் அந்த விலை.

நம்மில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸிலும் சைகோனிலும் உறவுகள் இருந்தன. பழைய பெட்டியில் கடிதங்கள் கிடைத்தால், தபால் தலையை வெட்டி எடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம். கவரைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஊர் வழியாக, எந்தத் தேதியில் வந்தது என்ற முழு விவரமும் பின்பக்க முத்திரைகளில் இருக்கக்கூடும்.